நாலாவது டேக்

ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் என்கிறது கணினி.
எனக்கு மூன்று வேண்டும்.

மேசைமேல் இரண்டு மானிட்டர், எனக்கு.
துணி அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும்
இன்பரசிக்கு ஹெட்போன்,
அதிலும் வலக்காது மட்டும்.
இடக்காதைத் தன் சொந்தக் குரலுக்கென்று
திறந்தே வைத்திருப்பாள்.
மூன்றாவது,
அண்ணனின் பந்தல் கடையில் கழித்துப்போட்ட கறுப்புப் பெட்டி.
கல்யாண வீட்டில் இந்தப் பாட்டு என்ன பாடுபடும் என்று
அது ஒன்றுதான் முகத்துக்கு நேரே சொல்லும்.

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
வண்டிப்பாளையம் வந்து சேர்கையில் மணி பதினொன்று.
சட்டையில் இன்னும் ஆலை வாசனை.
கெடிலத்துப் பக்கமிருந்து காற்று வந்ததால்
ஜன்னலைச் சாத்தவில்லை.

ஒன்று, இரண்டு: மானிட்டர்.
மூன்று, நான்கு: அவள் காது.
ஐந்துக்கு இந்த இன்டர்ஃபேஸில் துளையே கிடையாது.
ஆகவே கணினிக்குள் இல்லாத கருவி ஒன்றைச் செய்தேன்.
இருப்பவற்றை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டி
அதற்கொரு பெயரும் வைத்து
பட்டியலில் வேண்டியதற்கெல்லாம் டிக் அடித்தேன்.

வேண்டாத ஒன்றுக்கும்.

பொங்கலுக்குக் கீழ்வீட்டில் வாங்கிய ப்ளூடூத் ஸ்பீக்கரை
நான்தான் இந்தக் கணினியோடு கோத்துச்
சரிபார்த்துக் கொடுத்தேன்.
மாசியில் தண்ணீர் மோட்டாரை வைத்துச் சண்டை.
தையல்நாயகி அக்கா என்னோடு பேச்சை விட்டார்.
கணினி விடவில்லை.

அன்றிரவு ஒரே ஒரு வரி.
உப்பேறிய கொடியில் உன் சட்டை ஆடுது.
இருபத்திரண்டு முறை.
ஒருமுறை தாளத்தின் டிக் டிக்
அவள் காதிலிருந்து கசிந்து மைக்கில் ஏறியது.
ஒருமுறை முதுநகர்ப் பக்கம் போன ரயில்.
சட்டையில் 'ட்' இடிக்கிறது என்றேன்.
இடிக்கட்டும், காத்துல ஆடுற சட்டை தானே என்றாள்.
அறையில் லேசாக எதிரொலி இருக்கிறதே என்று
அலமாரிக் கதவில் போர்வை தொங்கவிட்டேன்.
எதிரொலி போகவில்லை.
ஒன்றரை மணிக்கு
அந்தச் சட்டை யாருடையது என்றே
எங்கள் இருவருக்கும் மறந்துவிட்டது.

காலையில்
மோட்டார் சுவிட்சருகே தையல்நாயகி அக்கா.
இரண்டு மாதம் கழித்து முதல் பேச்சு:

"நாலாவது வாட்டியே நல்லாத்தானே இருந்துச்சு.
அப்புறம் எதுக்கு அவள
அவ்ளோ நேரம் நிக்கவெச்ச?"

வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.
கிடார் இல்லை, தபேலா இல்லை.
மூன்றும் நான்கும் என்ன சுமந்தனவோ
அதுதான் கீழே இறங்கியிருக்கிறது:
வெறும் குரல், டிக் டிக்,
நடுநடுவே என் அதட்டல்.
எங்களுக்குக் கால் நொடி பின்னால் உட்கார்ந்து
முருங்கைக்கீரை ஆய்ந்தபடி
இருபத்திரண்டையும் கேட்டிருக்கிறார்.

நிறுத்தத் தெரியலையாக்கா என்றேன்.

"தெரியும்" என்றார்.
மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நாலாவதைத் திறந்து கேட்டோம்.
ஆமாம்.
சட்டை ஆடியது.
'ட்' இடித்தது, இடித்த இடத்தில் இடித்தது.
வரியின் வால் அடங்கும் முன்
யாரோ "இன்னொண்ணு" என்கிறான்.
அது நான்.
அந்த "இன்னொண்ணு"க்கு அடியில், ஜன்னல் வழியாக,
சமையலறையிலிருந்து ஏறிவரும் அதே வரி,
தாமதமாக, சின்னதாக.
போர்வைக்கு அடங்காத எதிரொலி.

வாலை வெட்ட முடியவில்லை. என்னையும்.

இன்று ராத்திரி பட்டியலைத் திறந்தேன்.
அந்த டிக்கை எடுக்கப் போனது விரல்.
இன்பரசி ஹெட்போனை வலக்காதில் சரித்துக்கொண்டு
சொன்னாள்:
"இரு.
கீழ லைட் எரியுதான்னு பாரு."